சின்னம்மாவை நினைத்து வாங்கிய சவர்க்காரம்

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய பொதி நேற்று வந்து சேர்ந்தது. மார்புப் புற்றுநோய் விழிப்புணர்வின் அடையாளமான இளஞ்சிவப்பு நாடா பொறித்த சவர்க்காரங்களை அலுமாரியில் வைத்துவிட்டு, "சின்னம்மாவை நினைத்து வாங்கினேன்" என்று நீ எழுதியிருந்த துண்டை நெடுநேரம் கையில் வைத்திருந்தேன். உன் இரக்கத்தில் எனக்குச் சந்தேகமில்லை. அதைக் கொண்டு கம்பனிகள் எப்படி விற்பனையைப் பெருக்குகின்றன என்பதையே உனக்குச் சொல்ல விரும்புகிறேன்.

பெட்டியின் பின்புறத்தைக் கண்ணாடி போட்டு வாசித்தேன். விற்பனையில் ஒரு பகுதி மார்புப் புற்றுநோய்ப் பணிக்குப் போகும் என்றிருக்கிறதே தவிர, எத்தனை சதம், யாருக்கு, எந்த எல்லை வரை என்பது பற்றி ஒரு சொல்லும் இல்லை. அந்த எல்லையைத்தான் முதலில் கேட்க வேண்டும். அமெரிக்காவில் யோப்ளே என்ற கம்பனியின் யோகட்டை வாங்கியவர்கள், ஒவ்வொரு மூடிக்கும் புற்றுநோய் ஆய்வுக்குப் பணம் போகும் என்று நம்பி 94 இலட்சம் மூடிகளைக் கம்பனிக்கு அனுப்பினார்கள். கம்பனியோ தன் நன்கொடைக்கு ஒரு இலட்சம் டொலர் என்று முன்னரே எல்லை வகுத்திருந்தது. கணக்குப் பார்த்தால் மூடி ஒன்றுக்கு ஏறக்குறைய ஒரு சதம். 1999ஆம் ஆண்டு ஜோர்ஜியா மாநிலச் சட்டமா அதிபர் அலுவலகம் தலையிட்ட பிறகு, மேலும் 63,000 டொலர் கொடுக்க அது உடன்பட்டது. எல்லையை எட்டிய பிறகு வாங்கிய ஒவ்வொரு கோப்பையின் இலாபமும் முழுதாகக் கம்பனிக்கே போனது. வாங்கிய பெண்களுக்கு அது தெரியாது என்பதுதான் என்னை வருத்துகிறது.

நன்கொடையைச் சொல்லிப் பொருளை விற்கும் இந்த வழக்கத்தைப் பிரபலமாக்கியது 1983இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் என்ற கடனட்டைக் கம்பனி நடத்திய பிரசாரம். அட்டையைப் பயன்படுத்தும் ஒவ்வொரு முறையும் சுதந்திர தேவி சிலையின் திருத்த வேலைக்கு ஒரு சதம் என்றார்கள். சிலைக்கு 17 இலட்சம் டொலர் கிடைத்தது, அது நல்ல காரியம்தான். ஆனால் அட்டைப் பாவனையும் கால் பங்குக்கு மேல் உயர்ந்தது. இப்படிக் கொடுக்கப்படும் பணம் பெரும்பாலும் விளம்பரச் செலவாகவே ஒதுக்கப்படுகிறது. விற்பனை கூடாவிட்டால் அடுத்த வருடம் அந்த நாடா பெட்டியில் இருக்காது.

சின்னம்மா மார்புப் புற்றுநோய்க்காக மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த காலம் உனக்கு நினைவிருக்கும். இரவு பஸ்ஸில் உட்கார்ந்தபடியே விடிய விடியப் பயணம் செய்து, மருந்து ஏற்றிய உடம்போடு மறுநாள் இரவே திரும்புவாள். தங்குவதற்கு அறை எடுக்கக் காசு இருந்ததில்லை. அவளுக்குத் தேவைப்பட்டது அந்த அறை வாடகைதான், மகள்.

சவர்க்காரம் வேண்டுமானால், நல்லதாகவும் மலிவாகவும் பார்த்து வாங்கு. சின்னம்மாவுக்காகக் கொடுக்க நினைப்பதைத் தனியே எடுத்து வைத்து எனக்கு அனுப்பு. நம் ஒழுங்கையில் இருக்கும் ஒரு பிள்ளைக்கும் இப்போது அதே நோய். வருகிற 7ஆம் திகதி மகரகமவுக்குப் போகிறாள். அவளும் தாயும் இரண்டு நாள் தங்குவதற்கு இடம் பார்த்துக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா