பிளான் பணம் 1,769, வண்டி வாடகை, உடைஞ்ச செடி – ஆறாவது தடவையா எழுதறேன், பதில் வேணும்

குறைதீர் அதிகாரி அவர்களுக்கு,

வணக்கம் சார் / மேடம். திருச்சி கே.கே. நகர்ல இருந்து எழுதறேன். இது நான் அனுப்புற ஆறாவது மெயில். முதல் ரெண்டுக்கு தானா வர்ற பதில் வந்துச்சு, அப்புறம் அதுவும் வரல. கஸ்டமர் கேர்ல பாட்டு கேட்டுக்கிட்டே நின்ன நேரத்தையெல்லாம் நான் இதுல சேர்க்கவே இல்ல.

எங்க வீட்டுக்காரருக்கு வேலூருக்கு டிரான்ஸ்ஃபர். மாசக் கடைசிக்குள்ள வீட்டை காலி பண்ணணும், ஹவுஸ் ஓனர் அடுத்த ஆள்கிட்ட அட்வான்ஸ் வாங்கிட்டார். அங்க கிடைச்சது ரெண்டாவது மாடி சின்ன வீடு, எல்லாத்தையும் தூக்கிட்டு போக முடியாது. அதான் கட்டில், பிரிட்ஜ், கிரைண்டர், மொட்டை மாடில இருக்குற 38 செடித் தொட்டி எல்லாத்தையும் பழைய சாமான் வாங்கி விக்கற உங்க ஆப்ல விக்கறதுக்கு போட்டேன். உங்க அந்த மூணாவது பிளான், நம்பகமான ஆள்னு பேருக்கு பக்கத்துல பச்சை டிக் வர்றது, 1,499 பிளஸ் ஜிஎஸ்டி சேர்த்து 1,769 ரூபா கட்டினேன். வீட்டுக்கே வந்து பாத்து விலை சொல்லி எடுத்துட்டு போவோம்னு அதுல நீங்கதான் போட்டிருக்கீங்க, நான் கற்பனை பண்ணல.

வந்தாங்களா? மே 3 வர்றோம்னாங்க, கேன்சல். மே 6 வர்றோம்னாங்க, நான் ஆபீஸ்க்கு அரை நாள் லீவ் போட்டு உக்காந்திருந்தேன், சாயங்காலம் 5 மணிக்கு கேன்சல்னு மெசேஜ். கேட்டா, பெரிய சாமானா இருக்கு மேடம், நீங்களே சென்டருக்கு கொண்டு வந்துட்டா அன்னைக்கே பணம் ஏறிடும்னு உங்க கஸ்டமர் கேர் பொண்ணு சொன்னாங்க. செடியும் கொண்டு வரலாமான்னு ரெண்டு தடவை கேட்டேன், கொண்டு வாங்கன்னாங்க. அந்த கால் உங்ககிட்ட ரெக்கார்ட் ஆயிருக்கும், தயவுசெஞ்சு எடுத்து கேளுங்க.

மே 9 சனிக்கிழமை குட்டி யானை புடிச்சேன். கட்டிலை கழட்ட, ஏத்த, இறக்க ரெண்டு ஆளுக்கு 1,200. வண்டி போக வர வெயிட்டிங்கோட 3,200. பால்பண்ணை தாண்டி உங்க சென்டருக்கு 11 மணிக்கு போய் சேந்தோம். டோக்கன் குடுத்துட்டு 1:45 வரைக்கும் யாரும் எட்டிக்கூட பாக்கல. திருச்சி மே மாச வெயில், அந்த சிமெண்ட் தரைல என் செடியெல்லாம் நிக்குது. செம்பருத்தி தலை தொங்கிடுச்சு, நந்தியாவட்டை மொட்டு பூராவும் கொட்டிடுச்சு. தண்ணி ஊத்த ஒரு பக்கெட் கேட்டேன், இல்லைன்னுட்டாங்க. நான் குடிக்க வெச்சிருந்த பாட்டில் தண்ணிய ஊத்தினேன்.

அப்புறம் வந்தார் அந்த டேப்லெட் வெச்சிருந்த ஆள். பேர் சொல்ல மாட்டேன்னுட்டார், உங்களுக்கு தெரியும், அன்னைக்கு மதியம் டியூட்டில இருந்தது அவர் ஒருத்தர்தான். கட்டிலை தொட்டுக்கூட பாக்கல சார். எத்தனை வருஷம்னு மட்டும் கேட்டார். 21னு சொன்னேன், 1,900னு சொன்னார். ஆப்ல 2,700னு காட்டுச்சு, அதுவே அநியாயம்னு நான் நெனச்சிட்டு இருந்தேன். இது தேக்குங்க, எங்கப்பா மரம் வாங்கி ஆசாரிய வீட்டோட வெச்சு செஞ்சதுங்க, நல்லா பாத்து சொல்லுங்கன்னு கேட்டேன். அதுக்கு அவர் சொன்னது, "விறகு கடைல கூட இதுக்கு மேல குடுக்க மாட்டான், வேணாம்னா எடுத்துட்டு கெளம்புங்க, வழிய மறைக்காதீங்க".

எங்கப்பா இப்ப இல்ல. அவர் செஞ்ச கட்டிலை விறகுன்னு சொல்ல யார் இவர்? வேலை பாக்கறது பழைய சாமான் வாங்கற இடத்துல, தேக்குக்கும் பிளைவுட்டுக்கும் வித்தியாசம் தெரியாதா? பிளைவுட் ஈரம் பட்டா ஊதி பல்லு பல்லா கிளம்பிடும், அதுக்கு வருஷத்தை வெச்சு விலை குறைங்க, நியாயம். தேக்கு காய காயத்தான் இறுகும், திரும்ப அறுத்து கதவு ஜன்னல் பண்ணலாம், அதனால மரத்துல எத்தனை அடி தேறும்னு பாத்துத்தான் விலை சொல்லுவாங்க. ரெண்டு ஆசாரிகிட்ட கேட்டேன், ஒருத்தர் 20,000, ஒருத்தர் 22,000னு சொன்னாங்க.

செடி கதை இன்னும் மோசம். செடி நாங்க எடுக்கறதே இல்லைன்னுட்டார். அப்ப எதுக்கு கொண்டு வர சொன்னீங்கன்னு கேட்டுட்டு இருக்கும்போதே என் அடீனியம் (பாலைவன ரோஜா செடி) தொட்டிய காலால தள்ளினார். கையால இல்ல, ஷூ போட்ட காலால. தொட்டி சாஞ்சு பெரிய கிளை முறிஞ்சு பால் வடிஞ்சுது. 2013ல விதை போட்டு வளத்தது அது, அடிக்கிழங்கு ஒரு சின்ன பறங்கிக்காய் அளவுக்கு இருக்கும். அடீனியத்துக்கு விலையே அந்த அடிதான், தொட்டி எண்ணி விக்கறது இல்ல. ஒருத்தர் 4,500க்கு கேட்டிருந்தார், முறிஞ்ச போட்டோ பாத்துட்டு வேணாம்னுட்டார்.

இதுக்கு முன்னாடி நடந்ததையும் சொல்லணும். பிரிட்ஜுக்கு மிலிட்டரில இருக்கேன்னு ஒருத்தர் பேசினார், பேரம் கூட பேசல, முழு பணமும் அனுப்பறேன்னு ஒரு கியூஆர் கோடு அனுப்பி ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போட சொன்னார். என் பையன் பாத்து புடுங்கிட்டான். பணம் வாங்க யூபிஐ பின் போடவே வேண்டாம், பின் போட்டா நம்ம பணம்தான் போகும். அந்த ஆளுக்கும் உங்க பச்சை டிக் இருந்துச்சு! ரிப்போர்ட் பண்ணேன், ஆப்புக்கு வெளிய நடந்தா நாங்க பொறுப்பில்லைன்னு பதில். மூணு நாள் கழிச்சும் அந்த அக்கவுண்ட் அப்படியே இருந்துச்சு. நானே 1930 சைபர் கிரைம் ஹெல்ப்லைனுக்கு அடிச்சு சொன்னேன்.

எங்க 1,200 சதுர அடி மனையையும் ஓனர் நேரடி விற்பனைன்னு ஆப்ல போட்டேன், புரோக்கர் வர மாட்டாங்கன்னு சொல்லித்தானே பிளானை வித்தீங்க, வந்த 17 காலும் புரோக்கர்தான். அதை விடுங்க.

கூட்டி பாருங்க. பிளான் 1,769, வண்டி 3,200, ஆள் கூலி 1,200, அடீனியம் 4,500, மொத்தம் 10,669. இது போக லீவு, அலைச்சல், நல்ல விலைக்கு விக்க வேண்டிய நேரம் பூரா உங்களால போச்சு, அவசரத்துல பிரிட்ஜையும் கிரைண்டரையும் பாதி விலைக்கு தள்ளிவிட்டேன், உண்மைய சொன்னா எனக்கு ஒரு லட்சத்துக்கு குறையாம நஷ்டம். வெயில்ல நின்னதுல ரெண்டு நாள் படுத்தே கெடந்தேன்.

நான் சண்டை போட ஆசைப்படற ஆள் இல்ல. 10,669 ரூபாய திருப்பி குடுங்க, அந்த ஆள் மன்னிப்பு கேக்கட்டும், முடிச்சுக்கலாம். இல்லைன்னா 1915 நுகர்வோர் ஹெல்ப்லைன்ல புகார் குடுப்பேன், அதுக்கப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். 5 லட்சம் வரைக்கும் அங்க ஃபீஸே கிடையாது, வக்கீல் இல்லாம நானே வாதாடலாம். 2020 இ-காமர்ஸ் விதிப்படி புகார் வந்து 48 மணி நேரத்துல கிடைச்சுதுன்னு சொல்லணும், ஒரு மாசத்துல தீத்து வைக்கணும். உங்களுக்கு இது தெரியாம இருக்காது.

கட்டில் இப்ப பிரிச்சபடியே ஹால்ல சுவத்துல சாத்தி கிடக்கு, நாங்க தரைல படுக்கறோம். வீடு காலி பண்ண இன்னும் 8 நாள்தான் இருக்கு. திங்கக்கிழமைக்குள்ள முடிவு எடுக்கற அதிகாரத்துல இருக்கற ஒருத்தர் ஃபோன் பண்ணுங்க ப்ளீஸ். அந்த டேப்லெட் ஆள் பேசக்கூடாது. ஆர்டர் நம்பர் மறுபடி கேக்காதீங்க, அஞ்சு மெயில்லயும் இருக்கு. பில், வண்டி ரசீது, கிளை முறிஞ்ச போட்டோ எல்லாம் இதோட வெச்சிருக்கேன்.

இப்படிக்கு,
பணம் கட்டின உங்க கஸ்டமர்