எத்தனை வாட் மணி என்பதை முதலில் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பயணத்துக்கும் முகாமுக்கும் மின்தடைக்கும் ஏற்றவை என்று போர்ட்டபிள் பவர் ஸ்டேஷன்கள், அதாவது பிளக் வசதியுடன் கையில் தூக்கிச் செல்லும் மின்கலப் பெட்டிகள், இப்போது பரவலாக விளம்பரப்படுத்தப்படுகின்றன. விற்பவர்களும் அவற்றைப் பற்றி எழுதுபவர்களும் 'கைப்பேசியை 60 முறை சார்ஜ் செய்யலாம்' என்பதையே முன்னிறுத்துகிறார்கள். வாங்குபவர் முதலில் அறிய வேண்டிய இரண்டு எண்களோ சிற்றெழுத்தில் ஒதுங்கிக் கிடக்கின்றன. பெட்டியில் சேமிக்கக்கூடிய மின்னாற்றலைச் சொல்வது வாட் மணி. ஒரே நேரத்தில் அதனால் எவ்வளவு சுமையைத் தாங்க முடியும் என்பதைச் சொல்வது வாட். முதலாவது தொட்டியின் கொள்ளளவு என்றால், இரண்டாவது குழாயின் அகலம்.

1,000 வாட் மணி என்று குறிக்கப்பட்ட பெட்டியிலிருந்து அவ்வளவும் நம் கைக்கு வருவதில்லை. மின்கலத்தின் நேர்திசை மின்சாரத்தை மாறுதிசை மின்சாரமாக்கும்போது இன்வெர்ட்டரில் ஒரு பகுதி வெப்பமாகப் போய்விடுவதால், பிளக்கில் செருகும் கருவிகளுக்கு ஏறத்தாழ 850 வாட் மணி கிடைத்தால் நல்லது. 1,500 வாட் மின்கெண்டியோ ஹீட்டரோ இதை அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான பொழுதில் தீர்த்துவிடும். முகாமில் காப்பி கொதிக்கும் விளம்பரப் படங்கள் இதைச் சொல்வதில்லை. இன்வெர்ட்டரை இயக்கத்தில் வைத்திருப்பதற்கே பல பெட்டிகளில் 10 வாட்டுக்கு மேல் செலவாகிறது என்பதால், 10 வாட் எல்.இ.டி. விளக்கு ஒன்றை மட்டும் அதில் எரிப்பவர், விளக்குக்கு ஒரு பங்கும் பெட்டிக்கு ஒரு பங்குமாக மின்சாரத்தைக் கொடுக்கிறார். அதே விளக்கை யு.எஸ்.பி. அல்லது 12 வோல்ட் இணைப்பில் எரித்து இன்வெர்ட்டரை நிறுத்தி வைத்தால், இரவுகளின் எண்ணிக்கை கூடும்.

வாட் கணக்கும் அப்படியே. ஓடும்போது 100 வாட் எடுக்கும் குளிர்சாதனப் பெட்டியின் கம்ப்ரஸர், தொடங்கும் கணத்தில் அதைப்போல் பல மடங்கு கேட்கும். அந்த உச்சத்தைத் தாங்காத பவர் ஸ்டேஷன், மின்கலம் நிறைந்திருந்தாலும் தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும்.

என்னை இக்கடிதம் எழுதத் தூண்டியது மருத்துவக் கருவிகளைப் பற்றிய அலட்சியம்தான். உறக்கத்தில் மூச்சுத் தடைப்படுபவர் பயன்படுத்தும் சிபாப் கருவி, நீராவியூட்டும் வெப்பப் பகுதியை அணைத்துவிட்டால், பெரும்பாலும் இத்தகைய பெட்டியில் ஓர் இரவைத் தாண்டிவிடும். ஆனால், நிமிடத்துக்கு 5 லிட்டர் தரும் வீட்டு ஆக்சிஜன் செறிவூட்டி ஏறத்தாழ 350 வாட் எடுப்பதால், அதே பெட்டியில் இரண்டரை மணி நேரத்தைக்கூட எட்டாது. 'அவசரக் காலத் துணை' என்ற ஒரே சொல்லில் இரண்டையும் அடக்குவது ஆபத்தானது. மேலும், மின்சாரம் நின்றவுடன் தானாக மாறிக்கொள்ளும் வசதி எல்லாப் பெட்டிகளிலும் இல்லை. இருக்கும் பெட்டிகளிலும் அந்த மாற்றத்துக்கு ஆகும் மில்லிவிநாடிகளைக் கருவி பொறுக்குமா என்று முன்கூட்டியே சோதிக்க வேண்டும்.

தீர்ந்த பெட்டியை நிரப்புவது அடுத்த கேள்வி. காரின் 12 வோல்ட் சாக்கெட் பொதுவாக 100 முதல் 120 வாட் வரைதான் தருகிறது. பெரிய பெட்டி நிரம்பப் பகல் முழுதும் வண்டி ஓட வேண்டும். 200 வாட் சோலார் பேனல் நல்ல வெயிலிலும் அந்த 200-ஐ அரிதாகவே எட்டும். புயலாலும் மழையாலும் மின்சாரம் போகும் நாளில் வானமும் மூடியிருக்கும் என்பதை நினைவில் வைத்தால், முன்னறிவிப்பு வந்தவுடனேயே பெட்டியை முழுமையாக நிரப்பிவைப்பதன் தேவை விளங்கும்.

விமானப் பயணிகள் இன்னொன்றையும் அறிய வேண்டும். தனியாக எடுத்துச் செல்லும் லித்தியம் மின்கலங்களில் 100 வாட் மணி வரையிலானவற்றைக் கைப்பையில் கொண்டுபோகலாம். அதற்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். அதையும் தாண்டினால் பயணிக்கு அனுமதியே இல்லை. ஆகவே, பவர் ஸ்டேஷன் என்று விற்கப்படுபவற்றில் பெரும்பாலானவை தரைவழிப் பயணத்துக்கு மட்டுமே உரியவை.

இவற்றைச் சொல்வதால் அக்கருவியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஜெனரேட்டரை வீட்டுக்குள் இயக்கினால் கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கும். பவர் ஸ்டேஷனில் புகையும் இல்லை, இரைச்சலும் குறைவு. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை மின்கலம் எடை கூடியதானாலும், நிரப்பித் தீர்க்கும் ஆயிரக்கணக்கான சுழற்சிகளுக்கு உழைப்பதால், வீட்டில் வைத்துக்கொள்ள அதையே நான் தேர்வேன். ஆனால், இரு முனையிலும் பிளக் உள்ள கம்பியால் பவர் ஸ்டேஷனை வீட்டுச் சுவர் சாக்கெட்டில் இணைப்பவர்கள், அதன் மின்சாரம் வெளிக்கம்பிக்கும் பாயக்கூடும் என்பதால், வெளியே மின்கம்பத்தில் பழுது பார்க்கும் ஊழியரின் உயிரோடு விளையாடுகிறார்கள்.

எனவே, இத்தகைய கருவிகளைப் பற்றிய கட்டுரைகளையும் விளம்பரங்களையும் தங்கள் நாளிதழ் வெளியிடும்போது, வாட் மணி, தொடர்ந்து தரக்கூடிய வாட், தொடக்கக் கணத்தில் தாங்கும் உச்ச வாட், மின்கல வகை ஆகிய நான்கையும் தலைப்புக்கு அருகிலேயே அச்சிட ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்