கத்திரி வெயிலும் புதுக் கணினியும்

தேவனாம்பட்டினம், கடலூர்
மே 14

அன்புள்ள நண்பா,

அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதியானது. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடு.

புதுக் கணினியை ஓவர்கிளாக் செய்யப்போகிறேன், அதாவது நிறுவனம் வைத்த வேகத்துக்கு மேலே ஓட்டப்போகிறேன், தண்ணீர்க் குளிரூட்டி வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். கொஞ்சம் பொறு. என் கணினியின் மூளையான ப்ராசசர் இன்டெல் ஐ5-12600கே. மார்ச்சில் பொருத்தியதுமே அதற்குள் கணக்குப் போடும் பெரிய கோர்கள் ஆறையும் 5.1 கிகாஹெர்ட்ஸுக்கு ஏற்றி, 1.35 வோல்ட் கொடுத்தேன். அன்று நன்றாகவே ஓடியது. கத்திரி பிறந்ததும் பிற்பகலில் என் அறை 35 டிகிரி. திருமண வீடியோ ஒன்றை ஏற்றுமதி செய்யக் கொடுத்தால் சில நிமிடங்களில் 100 டிகிரியைத் தொட்டுவிடும். அந்த ப்ராசசருக்கு அதுதான் எல்லை. அதற்குமேல் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். நான் ஏற்றிய வேகம் எனக்குக் கிடைக்கவே இல்லை.

காற்றானாலும் தண்ணீரானாலும் அறையின் வெப்பநிலைக்குக் கீழே ப்ராசசரைக் கொண்டுபோக முடியாது. தண்ணீர் சூட்டைச் சுமந்துபோய் ரேடியேட்டரில் இறக்குகிறது. அங்கே அதை வாங்கிக்கொள்வது இதே 35 டிகிரி காற்றுதான். அறை பத்து டிகிரி ஏறினால் ப்ராசசரும் ஏறத்தாழ அதே பத்து டிகிரி ஏறும். ஊட்டியில் இருப்பவர் சொல்லும் கணக்கு நம் ஊருக்கு ஒத்துவராது.

ஆகவே மின்னழுத்தத்தில் கை வைத்தேன். வேகம் கூடினால் சூடு அந்த அளவுக்கே கூடும். வோல்ட் கூடினாலோ அதன் வர்க்கத்துக்குக் கூடும். கணினியின் அடிப்படை அமைப்புகளை மாற்றும் பயாஸில் 4.9 கிகாஹெர்ட்ஸ், 1.20 வோல்ட் என்று இறக்கினேன். வேகத்தில் போனது 4 சதவீதம், சூட்டில் குறைந்தது கிட்டத்தட்ட கால் பங்கு. இப்போது அதே பிற்பகலில் 84 டிகிரியைத் தாண்டுவதில்லை. முன்பு 41 நிமிடம் பிடித்த வீடியோ 39 நிமிடத்தில் முடிகிறது! இதைக் கண்ட அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. எல்லா ப்ராசசரும் இவ்வளவு குறைந்த வோல்ட்டில் நிலையாக ஓடாது. சிறிது சிறிதாக இறக்கி, ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரமாவது முழுப் பளுவில் ஓடவிட்டுப் பார்.

கடலோரத்தில் இன்னொரு தொல்லை உண்டு. உப்புக் காற்றின் ஈரத்தில் தூசி, ப்ராசசரின் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்கின் தகடுகளுக்கிடையே பசைபோல் அப்பிக்கொள்கிறது. ஊதினால் போவதில்லை. மாதம் ஒருமுறை மென்மையான தூரிகையால் துடைக்கிறேன். நீ புதுச்சேரியில் குருசுக்குப்பத்தில் இருப்பவன், உனக்கும் இதே கதைதான். கணினியைச் சுவரை ஒட்டி வைக்காதே. பின்பக்கம் ஒரு சாண் இடம் விடு.

குளிரூட்டிக்கு ஒதுக்கிய பணத்தை இப்போதைக்கு அப்படியே வை. உன் மதர்போர்டு ப்ராசசருக்குத் தானாக எத்தனை வோல்ட் கொடுக்கிறது, மதியம் இரண்டு மணிக்கு உன் அறையில் எத்தனை டிகிரி என்ற இரண்டையும் எழுதி அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து வந்துவிடுகிறேன், உட்கார்ந்து சேர்ந்தே இறக்கிப் பார்ப்போம்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்