ரிலீஸுக்கு முன்னால் உடைத்துப் பார்த்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

நம் வரைபட சர்வரின் (இணையத்தில் வரைபடம் வழங்கும் மென்பொருள்) புதிய பதிப்பு வெளிவந்துவிட்டது. டவுன்லோடு லிங்க்கைப் போட்டுவிட்டுப் படுத்தவன் மறுநாள் மதியம்தான் எழுந்தேன். அதனால் இந்த மடல் கொஞ்சம் தாமதம். ரிலீஸ் கேண்டிடேட்டை, அதாவது வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்பை, இறக்கி, சொந்த நேரத்தில் ஓட்டிப் பார்த்து, எங்கே உடைந்தது என்று எழுதி அனுப்பிய அத்தனை பேருக்கும் முதலில் நன்றி. எங்கேயும் உடையவில்லை என்று எழுதியவர்களுக்கு இரட்டை நன்றி. அது ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

எங்களிடம் தானியங்கிச் சோதனைகள் இல்லாமல் இல்லை. ஒவ்வொரு கமிட்டுக்கும் (நிரல் மாற்றத்துக்கும்) ஓடுகின்றன. புவித்தரவுத் தரங்களை வகுக்கும் ஓஜிசி அமைப்பின் இணக்கச் சோதனைகளும் பச்சை காட்டின. ஆனால் அவை எல்லாம் ஓடுவது நாங்களே சீவிச் சிங்காரித்து வைத்த மாதிரித் தரவில். உங்கள் டேட்டா டைரக்டரி (சர்வரின் அமைப்புகள் இருக்கும் அடைவு) அப்படியா இருக்கும்? ஒருவர் அனுப்பியதில் 'ஃபைனல்', 'ஃபைனல்_புதுசு', 'ஃபைனல்_புதுசு_2' என்று மூன்று லேயர்கள் (வரைபட அடுக்குகள்), மூன்றும் பயன்பாட்டில். பல பதிப்புகளைத் தாண்டி வந்த எக்ஸ்எம்எல் கோப்புகள், எப்போதோ நீக்கப்பட்ட ஸ்டைலை (லேயரை எப்படி வரைவது என்ற விதி) இன்னும் தேடிக்கொண்டிருந்தன. அதை வைத்து அப்கிரேடு செய்து பார்த்தபோதுதான், ஒரே ஒரு ஸ்டைல் காணாமல் போனால் சர்வரே எழுந்திருக்க மறுக்கிறது என்று தெரிந்தது. இப்போது அந்த லேயரை மட்டும் முடக்கி, லாகில் ஒரு வரி எழுதிவிட்டு மேலே போகிறது.

அடுத்தது அச்சு வரிசை, அதாவது ஓர் இடத்தைக் குறிக்கும் இரண்டு எண்ணில் எது முன்னால் என்பது. இந்தத் துறையில் இருப்பவர்கள் இப்போதே பெருமூச்சு விட்டிருப்பீர்கள். சர்வரிடம் வரைபடம் கேட்டு வாங்கும் தரமான டபிள்யூஎம்எஸ்-இன் 1.1.1 பதிப்பில், இபிஎஸ்ஜி 4326 (அட்சரேகை-தீர்க்கரேகை ஆயமுறை) என்றால் தீர்க்கரேகை முன்னால் வரும். 2004-ல் வந்த 1.3.0-ல் அட்சரேகை முன்னால். இரண்டையும் குழப்பினால் நைரோபி மத்தியதரைக் கடலுக்குள் போய் விழும். நாங்கள் குழப்பியிருந்தோம். பழைய கிளையண்ட்டையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்துவைத்துப் பார்த்த ஒருவர்தான் பிடித்தார். எங்கள் சோதனையில் ஏன் சிக்கவில்லை என்று தேடிப் போனால் வெட்கக்கேடு: அதிலிருந்த எல்லைப்பெட்டி (படம் எந்தப் பகுதிக்கு என்று சொல்லும் எல்லைகள்) இரண்டு திசையிலும் -10 முதல் 10 வரை. திருப்பிப் போட்டாலும் அதே பெட்டி! படம் காலியாக இல்லாமல் வந்தால் போதும் என்று பச்சை காட்டிக்கொண்டிருந்திருக்கிறது. எழுதியது நான்தான், மறைத்துப் பயனில்லை.

தமிழில் சோதித்தவர்களுக்குத் தனியாக ஒரு பத்தி எழுதியே ஆக வேண்டும். ஒருவர் நதிகளின் லேயருக்குத் தமிழ்ப் பெயர்கள் இட்டு, பெயர் நதியின் வளைவோடு சேர்ந்து வளையும்படி ஸ்டைல் எழுதியிருந்தார். அவர் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் 'நைல்' என்ற சொல் நான்கு துண்டாகக் கிடந்தது. 'ந' தனியே நிற்கிறது. அதன் இடப்பக்கம் நிற்க வேண்டிய ஐகாரக் கொம்பு வலப்பக்கத்தில் ஒரு புள்ளி வட்டத்தைக் கட்டிக்கொண்டு தொங்குகிறது. பிறகு 'ல'. அதன் தலையில் இருக்க வேண்டிய புள்ளி, தனக்கென இன்னொரு வட்டத்தோடு ஆற்றில் மிதக்கிறது. நேர்கோட்டில் எழுதினால் சிக்கல் இல்லை, ஏனென்றால் அப்போது முழுச் சொல்லும் எழுத்துரு இன்ஜினுக்கு ஒன்றாகப் போகிறது. வளைவில் எழுதும்போது எங்கள் நிரல் சொல்லை யூனிகோடு குறி குறியாக வெட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சாய்த்து வரைந்துகொண்டிருந்தது. லத்தீன் எழுத்துக்கு இது போதும் என்பதால் இத்தனை நாள் யார் கண்ணிலும் படவில்லை. இப்போது 'நை' ஒரு துண்டு, 'ல்' ஒரு துண்டு. திருத்திய படத்தை அனுப்பியபோது அவர் எழுதிய பதில்: "ஆறு இப்பதான் ஓடுது."

தமிழால் சிக்கிய இன்னொன்றை எங்களால் முழுதாகத் தீர்க்க முடியவில்லை. ஷேப்ஃபைல் என்ற புவித்தரவுக் கோப்பு வடிவில் ஏற்றுமதி செய்தால் 'மாவட்டம்' என்ற நெடுவரிசையின் தலைப்பு 'மாவ' என்று வந்து, பின்னால் ஒரு குப்பைக் குறியும் ஒட்டிக்கொண்டது. அதன் அட்டவணை இருக்கும் டிபிஎஃப் கோப்பில் நெடுவரிசைப் பெயருக்கு 10 பைட்டுதான் இடம்; யூடிஎஃப்-8 குறியேற்றத்தில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். மூன்று குறி முடிந்ததும் நான்காவதின் முதல் பைட்டோடு கத்தி விழுகிறது. குப்பையை நீக்கிவிட்டோம். 'மாவ' மட்டும் அப்படியேதான் வரும், அது கோப்பு வடிவத்தின் தலையெழுத்து. ஜியோபேக்கேஜ் என்ற இன்னொரு வடிவில் ஏற்றுமதி செய்யுங்கள் என்று ஆவணத்தில் எழுதிவைத்திருக்கிறோம்.

லேபிள் எல்லாம் கட்டம் கட்டமாக வருகிறது என்று மூன்று பேர் எழுதினீர்கள். அது பக் அல்ல. கண்டெய்னருக்குள், அதாவது சர்வர் ஓடும் மூடிய சூழலுக்குள், தமிழ் எழுத்துரு இல்லை. லேப்டாப்பில் தெரிந்தது சர்வரில் தெரியாமல் போவதற்கு இதுதான் காரணம். ஆனாலும் மூன்று பேர் ஒரே இடத்தில் தடுக்கி விழுந்தால் தரையில்தான் ஏதோ இருக்கிறது. எழுத்துரு கிடைக்காவிட்டால் இனி லாகில் எச்சரிக்கை வரும்.

ஜாவா செயலிகளை ஓட்டும் டாம்கேட் 9-ல் நம் சர்வரைப் போட்டுவிட்டு வெறும் 404 பிழை மட்டும் பார்த்தவர் கொஞ்சம் சூடாகவே எழுதியிருந்தார். சூட்டைக் கழித்துப் படித்தால் முழு லாக், ஜாவா பதிப்பு, செய்த ஒவ்வொரு படியும் வரிசையாக இருந்தது. என்னைக் கேட்டால் இனிக்க இனிக்கப் பேசி 'வேலை செய்யல' என்று இரண்டே சொல் எழுதுவதைவிட இப்படித் திட்டுவது எவ்வளவோ மேல். நாங்கள் இந்தப் பதிப்பில் ஜாவாஎக்ஸ் என்ற பழைய ஜாவா நூலகப் பெயர்களிலிருந்து ஜகார்த்தா என்ற புதியவற்றுக்கு மாறிவிட்டதால் குறைந்தது டாம்கேட் 10 வேண்டும். நிறுவும் குறிப்பில் அது கீழே எங்கோ ஒளிந்திருந்தது, இப்போது முதல் வரி.

டைல் கேஷை (வரைபடத்தைச் சதுரத் துண்டுகளாக முன்கூட்டியே வரைந்து வைக்கும் சேமிப்பு) இரவெல்லாம் நிரப்பி மெமரி ஏறுகிறதா என்று பார்த்தவருக்கும் நன்றி. ஏறவில்லை. 18-வது ஜூமில் மட்டும் உலகம் முழுதுக்கும் 6,871 கோடிக்கு மேல் டைல்கள் வரும் என்பதால் அவரை 12-ல் நிறுத்தச் சொன்னோம்.

உடையவில்லை என்று எழுதியவர்கள் விஷயத்துக்கு வருகிறேன். ரிலீஸ் கேண்டிடேட் போட்டுவிட்டுக் காத்திருக்கும் நாட்களில் மௌனத்துக்கு என்ன அர்த்தம் என்று எங்களுக்குத் தெரியாது. எல்லாம் சரியாக ஓடுகிறதா, இல்லை யாரும் தொட்டே பார்க்கவில்லையா? ஒருவர் "ஜாவா 17, போஸ்ட்ஜிஐஎஸ், 40 லேயர், அப்கிரேடு ஆச்சு, ஓடுது" என்று ஒரே வரி எழுதினார். அந்த ஒரு வரியில் ஒரு முழுச் சூழல் எங்கள் கவலைப் பட்டியலிலிருந்து விழுந்தது. தேதியைத் தள்ளிப்போடாமல் வெளியிட்டது இப்படிப்பட்ட வரிகளை நம்பித்தான்.

ரிலீஸ் குறிப்பில் உங்கள் பெயர்கள் இருக்கின்றன. அலுவலகத்துக்குத் தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர்கள் பெயர் மட்டும் இல்லை. விடுபட்டிருந்தால் சொல்லுங்கள், சேர்த்துவிடுகிறேன்.

நன்றியுடன்,
இந்த முறை ரிலீஸ் வேலை பார்த்தவன்

பி.கு.: வளைவு லேபிள் திருத்தத்தை மலையாளத்திலும் சிங்களத்திலும் இன்னும் யாரும் பார்க்கவில்லை. அந்த டிக்கெட் (வேலைப் பதிவு) திறந்தே இருக்கிறது.