‘ஒரே கிளிக்’ படமல்ல அது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்க நிலக்காட்சிப் படக்கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். யோசெமிட்டி மலைகளைப் பற்றி அருமையாக எழுதியிருந்தார்கள். ஆனால் ஒரு சிற்றூருக்கும் அதன் கல்லறைத் தோட்டத்துக்கும் மேலே நிலவு எழும் ‘மூன்ரைஸ், ஹெர்னாண்டஸ்’ படத்தை ‘ஒரே கிளிக்கில் பிறந்த அதிசயம்’ என்று முடித்ததில் எனக்கு மனவருத்தம். கும்பகோணத்தில் முப்பது வருஷம் டார்க் ரூமில் பிரிண்ட் போட்டவன் நான்.

1941 நவம்பர் 1. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஆடம்ஸ் காரை ஓரங்கட்டி ஓடிப்போய் கேமராவை நிறுத்துகிறார். அவசரத்தில் வெளிச்சத்தை அளக்கும் லைட் மீட்டர் கைக்கு அகப்படவில்லை. நிலவின் ஒளி சதுர அடிக்கு 250 கேண்டில் (பிரகாச அளவு) என்பது அவருக்கு மனப்பாடம். அதை வைத்தே கணக்குப் போட்டு, லென்ஸ் துளை எஃப் 32, வெளிச்சம் விழும் நேரம் ஒரு விநாடி என்று எடுத்துவிட்டார். இரண்டாவது எடுப்பதற்குள் கல்லறைச் சிலுவைகள் மேலிருந்த வெயில் போய்விட்டது. ஆக, நெகட்டிவ் ஒன்றுதான். அதுவரை கட்டுரை சரி.

ஆனால் அது லேசில் நல்ல பிரிண்ட் தராத நெகட்டிவ். கீழ்ப்பகுதியில் உருவம் அடர்த்தியில்லாமல் மெலிவு. 1948இல் அந்தப் பகுதியை மட்டும் ரசாயனத்தில் நனைத்து அடர்த்தி ஏற்றினார். ஆரம்ப பிரிண்ட்களில் வானம் சாம்பல், மேகக்கீற்றுகள் தெரியும். பிரிண்ட் பேப்பரில் வெளிச்சம் எவ்வளவு படுகிறதோ அவ்வளவு கருக்கும்; போகப் போக வானத்துக்குக் கூடுதல் வெளிச்சம் காட்டிக் கருக்கினார். பியானோ பயின்றவர் அல்லவா, நெகட்டிவ் ஸ்வரக்குறிப்பு, பிரிண்ட்தான் கச்சேரி என்பார்.

இந்தக் கை வேலையை நானும் செய்திருக்கிறேன். ஒரு பாட்டியம்மாவின் படம். வெள்ளைப் புடவை சுண்ணாம்பு பூசிய சுவர் மாதிரி வந்தது. அட்டையில் காசளவு ஓட்டை போட்டு, நெகட்டிவைப் பெரிதாக்கிப் பேப்பரில் விழவைக்கும் என்லார்ஜருக்கு அடியில் பிடித்து, புடவை மேல் மட்டும் வெளிச்சம் விழும்படி ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கை நின்றால் விளிம்பு கோடாக விழுந்துவிடும். நாலு பேப்பர் வீண். ஐந்தாவதில், சிவப்பு விளக்கின் கீழே, உருவத்தை வெளிக்கொண்டுவரும் டெவலப்பர் ரசாயன டிரேக்குள் முந்தானை மடிப்பு ஒவ்வொன்றாக எழுந்து வந்ததை இன்றும் மறக்க முடியவில்லை.

அந்த ஒரே நெகட்டிவிலிருந்து ஆடம்ஸ் 1,300க்கும் மேற்பட்ட பிரிண்ட்கள் போட்டிருக்கிறார். தங்கள் இணைப்பிலோ வானம் வெளிறிப்போய் அச்சாகியிருந்தது. 1940களில் போட்ட ஒரு பிரிண்டையும் பிற்காலத்தில் போட்ட ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில், நல்ல தாளில் அச்சிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஸ்டுடியோ பிரிண்டர்,
கும்பகோணம்