தேச ஜெபமும் கல்லறைச் சுவரும்

ஆசிரியருக்கு,

சுதந்திர தினத்தன்று சென்னை ஆலயங்கள் பலவற்றில் தேசத்துக்காக ஜெபிக்கிறோம். நல்லதுதான். ஆனால் பல ஜெபங்கள் ஆட்சியாளர்களின் குற்றப்பட்டியலாகவே (கடவுளுக்குத் தெரியாதது போல!) முடிந்துவிடுகின்றன. வேதாகமத்தில் தானியேல் 9ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். பாபிலோனில் சிறைப்பட்டிருந்த அந்த நேர்மையாளர், முன்னோரின் பாவத்தையும் தம்முடையதாகவே அறிக்கையிடுகிறார்.

நமக்கு மட்டும் அறிக்கையிட ஒன்றும் இல்லையா? ஒரே திருவிருந்தில் பங்குபெறுவோர், இறந்த பிறகு சாதிவாரியாகப் பிரிக்கப்பட்ட கல்லறைகளில் புதைக்கப்படும் ஊர்கள் தமிழகத்தில் இன்றும் உண்டு. அடுத்த ஆகஸ்ட் 15 ஜெபக் குறிப்பில் போதகர்கள் முதலில் அதைச் சேர்க்கட்டும். அதைச் சொல்லாமல் நாடு மனந்திரும்ப வேண்டும் என்று கேட்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

மன்னிப்பைப் பற்றியும் ஒன்று. 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் ஆஸ்திரேலிய மிஷனரியான தன் கணவர் கிரகாம் ஸ்டெயின்ஸும் இரு மகன்களும் எரித்துக் கொல்லப்பட்ட பின், கொலையாளிகளை மன்னிப்பதாகக் கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் அறிவித்தார். அதனால் வழக்கு நின்றுவிடவில்லை. முதன்மைக் குற்றவாளியின் ஆயுள் தண்டனையை 2011இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. மன்னித்தால் நீதி கேட்கக் கூடாது என்று பிரசங்கிப்பவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்?

- வாசகர், பெரம்பூர், சென்னை