சோடா மாத்திரை குறித்து அம்மிணிக்கு

கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள அம்மிணிக்கு,

உன் இரத்தப் பரிசோதனைத் தாளை மாப்பிள்ளை கைபேசியில் அனுப்பியிருந்தார். நான் கேட்டதால்தான் அனுப்பினார், அவரைக் கோபித்துக்கொள்ளாதே. சிறுநீரகம் எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று காட்டும் க்ரியாட்டினின் போன முறை இருந்த அளவிலேயே நிற்பதைக் கேட்டு உன் அம்மா பாரியூர் அம்மன் இருக்கும் திசை பார்த்துக் கும்பிட்டாள். என் கண் அடுத்த பக்கத்தில் நின்றுவிட்டது. இரத்தத்தில் அமிலத்தைத் தணிக்கும் காரமான பைகார்பனேட் குறைந்தது 22 இருக்க வேண்டும், உனக்கு 17. கழுத்திலுள்ள சிறு சுரப்பிகள் சுரந்து, எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கவைக்கும் பாராதைராய்டு ஹார்மோன் 240. ஓரத்தில் 15 முதல் 65 வரை என்று அச்சிட்டிருக்கிறார்கள்.

கால்சியம் சரியாக இருப்பதால் பயமில்லை என்று அம்மாவிடம் சொன்னாயாம். அந்தக் கால்சியம் எங்கிருந்து வருகிறது என்பதை எழுதத்தான் உட்கார்ந்தேன். உண்ணும் புரதத்திலிருந்து அன்றாடம் உண்டாகும் அமிலத்தை நல்ல சிறுநீரகம் பெரும்பாலும் அம்மோனியமாகவே வெளியேற்றிவிடும். தளர்ந்த சிறுநீரகத்தால் அது முடியாதபோது, தேங்கிய அமிலத்தைத் தணிக்க எலும்பு தன்னிடமுள்ள காரத்தைக் கொடுக்கிறது, கூடவே கால்சியமும் கரைந்து வந்துவிடுகிறது. வட்டி கட்டுவதற்கு விதை மஞ்சளை விற்பது போன்றது அது. இந்த ஆண்டுக் கணக்கு நேராகிவிடும், அடுத்த ஆண்டு நடக் கிழங்கு இருக்காது.

ஹார்மோன் ஏறுவதற்குப் பாஸ்பரஸ் தேங்குவதும், வைட்டமின் டி செயல்வடிவம் பெறாமல் போவதும் காரணங்கள் என்று உன் டாக்டர் சொல்லியிருப்பார். அவற்றோடு அமிலமும் சேர்கிறது. இதில் என்னை வெகுநேரம் யோசிக்க வைத்த செய்தி ஒன்று உண்டு. இரத்தத்தில் அமிலம் கூடினால் அல்புமின் என்ற இரத்தப் புரதத்தைப் பற்றியிருக்கும் கால்சியம் விடுபட்டு, தனித்த கால்சியம் அதிகமாகிறது. அதைக் கண்டு கழுத்திலுள்ள அந்த நான்கு சிறு சுரப்பிகளும் அடங்க வேண்டும் அல்லவா? அடங்குவதில்லை. கால்சியத்தை உணரும் திறன் குறைந்து, சுரந்துகொண்டே இருக்கின்றன. டயாலிசிஸ் செய்துகொள்வோருக்கு அமில மிகுதியைச் சரிசெய்தபோது அந்த உணர்திறன் மேம்பட்டதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

ஆகவே இந்த அமிலத்தைத் தணிக்க டாக்டர் கொடுத்த சோடியம் பைகார்பனேட் மாத்திரையை வெறும் சோடா மாத்திரை என்று எண்ணாதே. நேரத்துக்கு எடுத்துக்கொள், அலுவலகத்தில் கூட்டம் நீளும் என்றால் கைப்பையில் ஓர் அட்டை இருக்கட்டும். ஏப்பம் வருகிறது, வயிறு உப்புகிறது என்றால் டாக்டரிடம் சொல், நீயாக நிறுத்தாதே. விட்டுப்போனதை ஈடுகட்ட ஒரே நாளில் சேர்த்து விழுங்கவும் கூடாது. அமிலம் சட்டென்று குறைந்தால் தனித்த கால்சியமும் இறங்கி, விரல்கள் மரத்து, சதை இழுத்துப் பிடிக்கலாம். அதிலுள்ள சோடியத்தால் கணுக்கால் வீங்குகிறதா, இரத்த அழுத்தம் ஏறுகிறதா என்றும் பார்த்துக்கொள். காயும் பழமும் அமிலச் சுமையைக் குறைக்கும் என்பது உண்மைதான். ஆனாலும் பொள்ளாச்சிச் சித்தி சொல்கிறாள் என்று தினமும் இளநீர் குடிக்காதே, அதில் பொட்டாசியம் மிகுதி, தளர்ந்த சிறுநீரகம் அதை வெளியேற்றத் திணறும்.

அமிலத்தையும் காரத்தையும் என் வகுப்பில் படித்தவள் நீ. பியூரெட்டிலிருந்து விழும் ஒற்றைச் சொட்டில் குடுவை இளஞ்சிவப்பாகும்போது கையை நிறுத்தத் தெரிந்த பிள்ளை அந்த வகுப்பில் உன்னைத் தவிர வேறு யாரும் இல்லை. அப்படிப்பட்டவள் இந்த 17-ஐப் பார்த்துவிட்டு எப்படி அம்மா பேசாமல் இருந்தாய்?

மஞ்சள் வெட்டு பற்றியும் தம்பிக்குப் பெண் பார்ப்பது பற்றியும் எழுத நினைத்திருந்தேன், மனம் அதில் செல்லவில்லை. அடுத்த முறை பைகார்பனேட், கால்சியம், பாஸ்பரஸ், பாராதைராய்டு ஹார்மோன் நான்கையும் ஒன்றாகப் பார்க்கச் சொல். தாளை நீயே அனுப்பு. மாத்திரையை நேரத்துக்குப் போடு. தீர்ந்துபோயிருந்தால் மருந்துச் சீட்டைப் படம் எடுத்து அனுப்பு, இங்கே வாங்கி இரவுப் பேருந்தில் கொடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா